ஜொனியையும் உள்ளே விடுங்கள்: எங்கள் திரைப்படக் கழகச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

சென்ற மாதக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவு வட்ஸ்அப் குழுவில் இரண்டு வரியாக வந்தது. இலையுதிர்காலத் திரையிடல் பட்டியலில் இருந்து 'பூல் ஒஃப் லண்டன்' நீக்கப்பட்டிருக்கிறது, மாற்றுப் படம் பின்னர் அறிவிக்கப்படும் என்றிருந்தது. காரணமாக, லண்டன் தமிழரான "எங்கட சனத்துக்குப் பொருந்தாது" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தைப் பரிந்துரைத்தவன் நான். அன்று பின்வரிசைக் கதிரையில் இருந்தவனும் நான். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் என்ன கதைக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

பழைய படம், கறுப்பு வெள்ளை, ஆட்கள் வரமாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். மண்டபச் செலவைப் பார்க்கிறவர் அப்படித்தான் யோசிப்பார், அதில் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து இங்கிலிஷ் விளங்காது என்றார் இன்னொருவர். அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மூன்றாவதாக வந்த குரல்: "அது காப்பிலியின்ர படமெல்லோ, நாங்கள் ஏன் போடவேணும்?" சிலர் சிரித்தீர்கள். சிலர் போனைப் பார்த்தீர்கள். கறுப்பரை இழித்துச் சொல்கிற அந்தச் சொல்லை ஒருவரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. எனக்கு வலது காது அறவே கேட்காது. கேட்டது சரிதானா என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்து முடிப்பதற்குள் நீங்கள் கை உயர்த்தி முடிவெடுத்துவிட்டீர்கள். கூட்டக் குறிப்பில் அந்தப் பேச்சு இல்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்க இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் அப்படி ஒரு கேள்வி வந்திராது. 1951இல் ஈலிங் ஸ்டுடியோ தயாரிப்பாக பசில் டியர்டன் இயக்கிய படம். டன்பார் என்ற சரக்குக் கப்பல் தேம்ஸ் வழியே வந்து, டவர் பிரிட்ஜைத் தாண்டி, லண்டன் பாலத்துக்கும் டவர் பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட துறையில் கட்டுகிறது. பூல் என்று ஆற்றின் அந்தப் பகுதிக்குத்தான் பெயர். மாலுமிகளுக்கு ஒரு வார இறுதிதான் கரை. திரும்பக் கப்பல் வெளிக்கிடுவதற்குள் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் கதை. டான் என்ற அமெரிக்கன், நைலோன் காலுறையும் சிகரெட்டும் ஒளித்துக் கரைக்குக் கொண்டுபோய் விற்கிற கெட்டிக்காரன், திருட்டு வைரக் கடத்தலில் மாட்டிக்கொள்கிறான். அவனுடைய கூட்டாளி ஜொனி, யமேக்காவில் இருந்து வந்த கறுப்பு மாலுமி. ஒரு பாவமும் அறியாதவன். தியேட்டர் வாசலில் நிற்கும் அவனைச் சீருடை போட்ட வாசற்காரன் விரட்டுகிறான். உள்ளே ரிக்கற் விற்கும் பட் என்ற வெள்ளைக்காரப் பெண் மனிதரைப் போல அவனோடு கதைக்கிறாள். இருவரும் பஸ்ஸில் போகிறார்கள், கிரினிச்சில் நடக்கிறார்கள். இரவில் தனியே சுக்கான் பிடித்து நிற்கும்போது மனதில் எழுகிற கேள்விகளை, ஒருத்தன் ஏன் ஒரு நிறத்தில் பிறக்கிறான் என்பதை, அவன் அவளிடம் சொல்கிறான். காதல் என்று ஒரு சொல் வருவதில்லை. முத்தம் இல்லை. 1951 அவ்வளவுதான் அனுமதித்தது. ஆனாலும் பிரிட்டிஷ் சினிமாவில் ஒரு கறுப்பு இளைஞனும் வெள்ளைப் பெண்ணும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நடந்தது அதுதான் முதல் தடவை என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

வைரக் கொள்ளைக் கதைக்குப் படத்தில் இடம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அந்த நிமிடங்களில் பாதியை ஜொனிக்குக் கொடுத்திருக்கலாம். பரவாயில்லை. அவன் வருகிற காட்சிகள் போதும்.

ஜொனியாக நடித்த ஏர்ல் கமரோன் 1917இல் பெர்மியூடாவில் பிறந்தவர். உண்மையிலேயே வணிகக் கப்பலில் வேலை செய்தவர். 1939இல் லண்டன் வந்து, வேலை கிடைக்காமல் அலைந்து, உணவகத்தில் கோப்பை கழுவினார். கோப்பை கழுவின கதை எங்கள் வீடுகளில் எத்தனை வீட்டில் இருக்கிறது! மேடையில் சிறு வேடம் கிடைத்தது 1941இல். அதிலிருந்து அறுபது எழுபது வருடம் நடித்தார். 2020 ஜூலையில், 102 வயதில், இங்கிலாந்திலேயே காலமானார். இந்தப் படத்தில் அவர் வாசலில் நின்று திட்டு வாங்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். அவர் கோபப்படவில்லை. பழகிப்போனவனின் முகம் அது. அதை ஒரு நடிகர் எங்கே கற்றார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி என் கதை. நான் வல்வெட்டித்துறைக்காரன். பத்தொன்பது வயதில், 1978இல், சி.டி.சி. என்ற மாலுமிப் பதிவுப் புத்தகம் எடுத்து, ஒரு கிரேக்க முதலாளியின் பொதுச் சரக்குக் கப்பலில் ஓயிலராக, இஞ்சினுக்கு எண்ணெய் போட்டுப் பார்க்கிறவனாகச் சேர்ந்தேன். இஞ்சின் அறையில் பன்னிரண்டு நாலு வோட்ச், அதாவது வேலை முறை. இரவு பன்னிரண்டில் இருந்து நாலு மணி, பகல் பன்னிரண்டில் இருந்து நாலு மணி. காதுக்கு ஒரு பாதுகாப்பும் தரமாட்டார்கள். எண்ணெய் துடைக்கிற பஞ்சான கொட்டன் வேஸ்ற்றைத் திரித்துக் காதில் அடைத்துக்கொள்வோம். என் காது போனது அங்கேதான்.

என் வோட்ச்சில் என்னோடு நின்றவர் கானா நாட்டுக்காரர், தேமா துறையில் ஏறியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நீராவிக் குழாய் எது, தொட்டால் சுடுகிற வால்வ் எது, செகண்ட் இஞ்சினியர் எந்த நேரத்தில் எரிந்து விழுவார் என்று எனக்குப் படிப்பித்தது அவர்தான். கப்பலில் நாங்கள் ஐந்து தமிழர் இருந்தோம். எங்களுக்குள் கதைக்கும்போது அவரை ஒருநாளும் பெயர் சொல்லிச் சொன்னதில்லை. "காப்பிலி எங்க?" "காப்பிலி சாப்பிட்டானா?" அவருக்கு விளங்காது என்ற துணிவு. ஞாயிறுகளில் நாங்கள் சமைக்கும் மீன் குழம்புக்கு அவர் தட்டோடு வந்து எங்களோடு இருப்பார்.

1981இல் இங்கிலாந்தின் வடக்குத் துறைமுகம் ஒன்றில் கட்டினோம். மறுநாள் இரவு மேற்கு ஆபிரிக்காவுக்கு வெளிக்கிட வேண்டும். நாற்பது நாளாகக் கரை காணவில்லை. ஷோர் பாஸ் எடுத்துக்கொண்டு அவரும் நானும் இறங்கினோம். நல்ல சேர்ட் போட்டு, தலை இழுத்து, இரண்டு பேரும் துறைமுகத் தெருவில் ஒரு பாருக்குப் போனோம். வாசலில் நின்றவன் அவரைப் பார்த்தான், இடமில்லை என்றான். உள்ளே பாதி மேசை வெறுமையாக இருந்தது கண்ணாடியில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தான். உனக்கும்தான் என்றான்.

அந்த நிமிடத்தில் எனக்குள் வந்தது என்ன தெரியுமா? அவருக்காகக் கோபம் வரவில்லை. "நான் இவன் இல்லை, நான் வேற ஆள், சிலோன்காரன்" என்று அந்த வாசற்காரனிடம் சொல்லத் துடித்தேன். வாய் பாதி திறந்தும்விட்டது. பக்கத்தில் நின்றவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் தெரு முனையில் மீனும் சிப்ஸும் வாங்கி, பாதியை என் கையில் தந்தார். துறைமுகச் சுவரில் இருந்து சாப்பிட்டோம். ஒரு மணி நேரத்தில் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். நாற்பது நாள் காத்திருந்த கரை அவ்வளவுதான்.

அன்று இரவு வோட்ச்சில் இஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தி ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் என்னைச் சொல்கிற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" நண்பன் என்று பொய் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த ஞாயிறு அவர் எங்கள் மேசைக்கு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்தளத்துக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். தேமாவில் சைன் ஓவ் பண்ணி இறங்கிப் போனார். என்னிடம் அவருடைய முகவரி இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு அவரிடம் மூன்று வாரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் மண்டபத்தில் அதே சொல் கேட்டபோது எனக்குக் கொதித்தது இதனால்தான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அரபு மூலம், போர்த்துக்கேயர் வாய்வழியாக எங்கள் கரைக்கு வந்தது. அவர்கள் இலங்கைக்கு அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களுக்கு இட்ட பெயர். அவர்களின் சந்ததி இன்றும் புத்தளம் பக்கம் வாழ்கிறது. வேறு யாரோ எங்கள் வாயில் வைத்த வசைச்சொல்லை நாங்கள் லண்டன் வரை காவிக்கொண்டு வந்து, பிள்ளைகள் முன்னால் வீட்டில் சொல்கிறோம், இப்போது கழகக் கூட்டத்திலும் சொல்கிறோம்.

"எங்கட சனத்துக்குப் பொருந்தாது" என்று எழுதியிருந்தீர்கள். ஜொனி நின்ற வாசலில் எங்கள் சனம் நிற்கவில்லையா? 1930களின் இறுதியில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்த இந்தியத் துணைக்கண்ட மாலுமிகள் ஐம்பதாயிரம் பேர் அளவில். ஆட்பலத்தில் நாலில் ஒரு பங்கு. லஸ்கர் என்று பெயர். வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் ஒரு துண்டுதான் கிடைக்கும். 1925இல் வந்த ஓர் ஆணைப்படி, பிரிட்டிஷ் பிரஜை என்று கடதாசியால் காட்ட முடியாத 'நிற' மாலுமிகள் பொலிசில் பதிய வேண்டும். பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தும், காட்டக் கடதாசி இல்லாததால் அந்நியனாகப் பதியப்பட்டவர்கள் ஏராளம். கடதாசிக்காக குரொய்டன் லூனார் ஹவுஸ் குடிவரவு அலுவலக வாசலில் விடிய முதல் வரிசையில் நின்ற நாங்கள் இதை எப்படி வேறு ஆட்களின் கதை என்று சொல்வது?

அந்தப் படம் வந்த வருடத்தில் நிறத்துக்காக ஒருவரை வாசலில் மறிப்பதைத் தடை செய்யும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு ஆட்டக்காரர் லியரி கொன்ஸ்ரன்ரைனைத் தெரியும். 1943இல் ரசல் சதுக்கத்து ஹோட்டலில் அவருக்கே அறை இல்லை என்றார்கள். 1944இல் வழக்குப் போட்டு வென்றார், நட்டஈடு ஐந்து கினி, அதாவது ஐந்தே கால் பவுண். அதுவும் விடுதிக்காரன் பயணியை ஏற்கவேண்டும் என்ற பழைய பொதுச் சட்டத்தின் கீழ். இன உறவுச் சட்டம் 1965இல்தான் வந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் அது பொருந்தியது 1968இல். பிரிஸ்டலில் கறுப்பர்களைப் பஸ் வேலைக்கு எடுக்கமாட்டோம் என்றபோது 1963இல் அங்கத்தைக் கரிபியன் சனம் பஸ் ஏறாமல் நடந்து போராடியிருக்கிறது. 83 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் வந்து இறங்கி, வாடகைக்கு அறை தேடி, பெற்றோல் நிலையத்திலும் தபால் கந்தோரிலும் வேலை எடுத்தபோது அந்தச் சட்டங்கள் இருந்தன. அவற்றை வாங்கித் தந்தவர்களில் ஜொனியின் சனம் முன்னுக்கு நின்றது.

இன்னொன்று. செவ்வாய் மத்தியானங்களில் கரிபியன் முதியவர்கள் டொமினோ விளையாடுவது நாங்கள் வாடகைக்கு எடுக்கிற அதே மண்டபத்தில்தான். அவர்கள் துடைத்து மடித்து அடுக்கிவிட்டுப் போகும் கதிரைகளில்தான் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருக்கிறோம். இத்தனை வருடத்தில் ஒரு படத்துக்குத்தானும் அவர்களைக் கூப்பிட்டோமா?

அன்னபூரணி கப்பலைப் பற்றிக் கழக மலரில் நாலு பக்கம் போட்டோம். 1938இல் வல்வெட்டித்துறையார் பாய்மரக் கப்பலை அமெரிக்காவின் குளொஸ்ரர் துறை வரை கொண்டுபோய்ச் சேர்த்த பெருமையை நான் ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடலோடி என்பதில் எங்களுக்குப் பெருமை இருக்கிறதென்றால் ஜொனியும் கடலோடி. கரை இறங்கியவனுக்கு ஊர் என்ன முகம் காட்டுகிறது என்று கேட்கிற படம் இது. என் மருமகன் இப்போது கொன்ரெய்னர் கப்பலில் இருக்கிறான். பதினெட்டு மணி நேரத்தில் ஏற்றி இறக்கி வெளிக்கிட்டுவிடுவார்களாம், கரையில் கால் வைத்து மூன்று மாதம் என்கிறான். ஏர்ல் கமரோன் இறந்த அந்த 2020இலேயே நான்கு இலட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் வீடு போக முடியாமல் கப்பல்களில் சிக்கியிருந்தார்கள் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொன்னது. அதையும் எங்கள் இளம் ஆட்கள் அறியட்டும்.

பழைய படம் என்ற ஆட்சேபத்துக்கு வருகிறேன். நாங்கள் போட இருந்தது புதுப்பிக்கப்பட்ட பிரதி. 85 நிமிடப் படம் என்றால் செக்கனுக்கு 24 சட்டகம் வீதம் 1,22,400 சட்டகங்கள். தூசி, கீறல், நடுக்கம் எல்லாம் பார்த்துச் சுத்தப்படுத்தியிருக்கிறார்கள். குண்டு விழுந்து இடிந்து கிடந்த லண்டனை அதில் கல் கல்லாகப் பார்க்கலாம். ஸ்டுடியோவுக்குள் செற் போடாமல் துறைமுகத்திலேயே எடுத்த காட்சிகள் நிறைய. இன்று கடைகளும் கோப்பிக் கடைகளுமாக இருக்கிற ஹேய்ஸ் வார்ஃப் பக்கம் அன்று பாரந்தூக்கிகள் வரிசையாக நிற்கும். எங்கள் தேயிலை வந்து இறங்கிய ஆற்றங்கரை அது. அந்தத் துறை இன்று இல்லை. செயின்ற் கதரீன்ஸ் டொக் 1968இல் மூடியது, றோயல் டொக்ஸ் 1981இல். ஈஸ்ற் ஹாமில் இருந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள்தான் இவை. எங்கள் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த ஊரின் பழைய முகம் இது.

மொழி விளங்காது என்பதற்கு, காது கேளாதோருக்கான ஆங்கில எழுத்து உள்ள பிரதியைக் கேட்டு வாங்கி எழுத்தைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அது எனக்கும், எங்கள் கழகத்தில் காது மந்தமான மற்ற முதியவர்களுக்கும் எல்லாப் படத்துக்கும் தேவை. மூன்று வருடமாகக் கேட்கிறேன். கதைச்சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் நான் எழுதித் தருகிறேன்.

ஆகவே நான் கேட்பது இவை. நீக்கிய படத்தைத் திரும்பப் பட்டியலில் சேருங்கள். நொவெம்பர் ஞாயிறு ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு, எழுத்தோடு போடுங்கள். திரையிடல் உரிமத்துக்கு வரும் கட்டணத்தை என் பென்சனில் இருந்து நான் தருகிறேன், கழகத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. செவ்வாய்க்கிழமை முதியவர்களுக்கு முறையாக அழைப்புக் கொடுங்கள். கடிதத்தைத் தலைவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், நானும் கூட வருகிறேன். அன்று மண்டபத்தில் சொல்லப்பட்ட சொல் கூட்டக் குறிப்பில் பதியப்பட வேண்டும். சொன்னவரின் பெயர் வேண்டாம், அவரை வெளியேற்றவும் வேண்டாம். ஆனால் அந்தச் சொல் எங்கள் கழக மேடையிலும் குழுவிலும் இனிப் பாவிக்கப்படாது என்று தீர்மானம் போட்டு எல்லா உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.

அடுத்த கூட்டம் வருகிற மாதம் முதல் ஞாயிறு. இதை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக வையுங்கள். இந்த முறை நான் முன்வரிசையில், இடது காதை உங்கள் பக்கம் திருப்பி இருப்பேன்.

இப்படிக்கு,
கழகத்தின் ஆயுள் உறுப்பினர், முன்னாள் கப்பல் ஓயிலர்
ஈஸ்ற் ஹாம், லண்டன்